லப்பத்தில் பதிந்த கை

எர்ணாவூர்
9.6.2002

அன்புள்ள அண்ணிக்கு,

செங்குட்டுவன் வணக்கத்துடன் எழுதுவது. நான் சுகமாக இருக்கிறேன். உங்கள் முதுகுவலி குறைந்ததா? மாயா புதுப் பள்ளிக்கூடத்தில் அழாமல் உட்காருகிறாளா? உங்களையும் குழந்தையையும் தங்கவயலில் வைத்துக் காப்பாற்றும் உங்கள் அக்காவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. பவுண்டரியை மூடிய பிறகு வார்ப்புக்கு மரப் பேட்டர்ன் செய்ய யாரும் கூப்பிடவில்லை. துப்பாக்கிக் கட்டைதான் சோறு போடுகிறது. "இன்னாபா செங்குட்டு, பீரங்கி எப்போ வுடப்போறே?" என்று டீக்கடை ரஷீது தினமும் மானத்தை வாங்குகிறான். போட்டிக்குச் சுடுகிறவர்களின் ஏர் ரைபிளுக்கு மரக்கட்டை, அவ்வளவுதான். கம்பெனிக் கட்டை எல்லா உடம்புக்கும் ஒரே அளவில் வருகிறது. கழுத்து நீண்டவன் கன்னத்தை வைத்தால் கண் குறிக்கு மேலே போய்விடும், கை குட்டையானவனுக்குத் தோளில் இடிக்கும். நான் ஆளுக்குத் தகுந்தபடி செதுக்கி, பாரம் இரண்டு கைக்கும் நடுவில் நிற்கும்படி செய்து தருகிறேன்.

ரைபிள் கிளப் செயலாளர் செல்வநாதன் சார்தான் ஆர்டர் பிடித்துத் தருகிறார். ஆளை அழைத்து வரமாட்டார். ஒரு குச்சியைச் சுற்றி லப்பம் அப்பிக் கொடுத்தனுப்புவேன். ஜன்னல் கண்ணாடிக்கு வைப்போமே, அதேதான். துப்பாக்கியைப் பிடிக்கிற மாதிரி அதை இறுக்கிப் பிடித்துத் திருப்பி அனுப்பினால் போதும், காய்ந்ததும் கையே என் மேசையில் இருக்கும்.

போன வாரம் மாத்தூர்காரர் ஒருவரின் கை வந்தது. அண்ணி, அது கையா கிடுக்கியா தெரியவில்லை! விரல் இடுக்கில் லப்பம் பிதுங்கி வழிந்திருக்கிறது. கட்டைவிரல் அடியிலிருந்து சுண்டுவிரல் வரை குறுக்கே ஒரு தழும்பு, நடுவில் தையல் போட்ட இடத்தில் முடிச்சு. மோதிர விரல் கொஞ்சம் வெளியே திரும்பியிருக்கிறது. இப்படி ஒரு கைக்குச் செய்ய யாருக்குக் கொடுத்துவைக்கும்? கப்பல் உடைத்த இடத்தில் வாங்கிய மஹாகனியை இதற்கென்றே எடுத்து வைத்துவிட்டேன்.

அண்ணன் கேஸில் சம்மன் வந்ததா? எழுதுங்கள்.

உங்கள் கொழுந்தன்
செங்குட்டுவன்

தங்கவயல்
18.6.2002

தம்பி செங்குட்டுவனுக்கு,

நாங்கள் நலம். நீ வேளைக்குச் சாப்பிடு. மாயா பள்ளிக்கூடம் போகிறாள்.

உன் கடிதத்தை அடுப்படியில் நின்றுகொண்டு படித்தேன். பாதியில் உட்கார்ந்துவிட்டேன். அக்கா பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தாள்.

அரசு வக்கீல் அருள்நாதன் ஐயா போன வாரம் போனில் சொன்னார். கிருஷ்ணப்பன் தரப்பில் ஒரு டாக்டர் சர்டிபிகேட் கொடுத்திருக்கிறார்களாம். துறைமுகத்தில் இரும்புக் கயிறு அறுத்ததில் அவனுக்கு வலது கை நரம்பு செத்துவிட்டது, வருஷக்கணக்காக அந்தக் கையால் எதையும் பிடிக்க முடியாது என்று. அப்படியானால் அவன் குத்தவே இல்லை, புருஷன் செத்த துக்கத்தில் நான் உளறுகிறேன் என்று ஆகிவிடும். பார்த்த சாட்சி நான் ஒருத்திதான்.

நீ அப்போது ஐதராபாத்தில் வேலையாக இருந்தாய். நான் உனக்கு முழுசாகச் சொன்னதில்லை. கொருக்குப்பேட்டை கூட்ஸ் ஷெட்டில் பட்டப்பகலில் நடந்தது. திருட்டு ரயில் இரும்பைக் கிருஷ்ணப்பன் லாரியில் ஏற்ற லோடுமேன்கள் மறுத்துவிட்டார்கள், மறுக்கச் சொன்னவர் உன் அண்ணன். நான் சாப்பாடு கொண்டு போனேன். இரண்டு பேர் அவர் கையைப் பின்னால் முறுக்கிப் பிடித்திருந்தார்கள். கிருஷ்ணப்பன் சூரிக்கத்தியை அடிவயிற்றில் இறக்கி மேலே இழுத்தான். நான் போய் அவன் முஷ்டியைப் பிடித்துக்கொண்டேன். என் இரண்டு கையாலும் இழுத்தும் ஒரு விரலைக்கூடப் பிரிக்க முடியவில்லை. அந்தப் பிடியோடுதான் மறுபடி இறக்கினான். பிறகு சூரியை வயிற்றிலேயே விட்டுவிட்டு அதே கையால் என் முகத்தை அப்பித் தள்ளினான். உள்ளங்கைத் தழும்பின் முடிச்சு என் உதட்டில் இடித்தது. உன் அண்ணன் தன் குடலைத் தானே அள்ளிப் பிடித்துக்கொண்டு "வூட்டுக்குப் போ மகி" என்றார்.

உன் மேசையில் இருப்பது அந்தக் கை. அந்த மாத்தூர்காரன் யார் என்று கேள். அந்த உருண்டையை யாரிடமும் கொடுக்காதே.

மகிழினி

எர்ணாவூர்
2.7.2002

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். நீங்கள் எல்லோரும் நலந்தானே? என் உடம்புக்கு ஒன்றுமில்லை, சோறுதான் இறங்கவில்லை.

விசாரித்தேன். மாத்தூரில் லாரி ஷெட், அதற்குப் பின்னால் பண்ணை, வெளியே வேறு பெயர் போட்ட பலகை. உள்ளே இருப்பவன் கிருஷ்ணப்பன். ஜாமீனில் வந்த நாளிலிருந்து கிளப்பில் பெரிய மனிதர்களோடு சுடப் பழகுகிறான். கோர்ட்டில் செத்த கை, பண்ணையில் துப்பாக்கி பிடிக்கிற கை.

உருண்டையைத் துணியில் சுற்றி அருள்நாதன் ஐயாவிடம் கொண்டுபோனேன். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இத்த யாரு கைன்னு நான் எப்டிபா நிரூபிக்கிறது? லப்பத்துக்கு வாய் கீதா?" என்றார். அந்தக் கையால் அவன் பிடித்துப் பழகிய சாமான் வேண்டும், அவன் பிடித்ததைப் பார்த்த ஆள் வேண்டும் என்றார்.

ஆகவே கட்டையைச் செய்து முடிக்கப் போகிறேன். ஏனோதானோ என்று செய்தால் இரண்டு நாளில் மூலையில் போட்டுவிடுவான். கையை விட்டு இறக்க மனம் வராத மாதிரி செய்தால்தான் தினமும் எடுப்பான். சுட்டுப் பழகிய பிறகு எல்லாக் கட்டையும் ஒரு தரம் என்னிடம் திரும்ப வரும். வியர்வை பட்டுக் கறுத்த இடத்தைப் பார்த்து அரம் போட்டுத் தருவேன். அப்போது அது நம் கைக்கு வந்துவிடும்.

கோபப்படாதீர்கள்.

செங்குட்டுவன்

தங்கவயல்
10.7.2002

செங்குட்டுவா,

நலம் விசாரிக்க எனக்கு மனசில்லை.

உன் அண்ணன் வயிற்றைக் கிழித்தவனுக்கு மஹாகனியில் கட்டை. அவன் கை நோகாமல், தோள் நோகாமல், கன்னத்துக்குப் பதமாக. இதைச் செய்ய உனக்குக் கை வருமா? வருமென்றால் அந்தக் கையால் எனக்குக் கடிதம் எழுதாதே.

மகிழினி

எர்ணாவூர்
25.8.2002

அன்புள்ள அண்ணிக்கு,

எழுதாதே என்றீர்கள், எழுதுகிறேன். நீங்களும் மாயாவும் நோய்நொடி இல்லாமல் இருந்தால் எனக்கு அது போதும்.

கட்டை முடிந்தது. கன்னம் வைக்கிற இடத்தைக் கடைசியில் ஆளை வைத்துத்தான் சீவ வேண்டும், அதற்குப் பண்ணைக்குப் போனேன். அவன் என்னைப் பார்த்ததில்லை. பெயர் கேட்டான். விமல் என்றேன். "எந்த ஏரியா?" "எர்ணாவூர் சார்." "நல்ல பய மாரி கீறே" என்று முதுகில் தட்டினான். அந்தக் கையால்தான் தட்டினான் அண்ணி.

குழல் மாட்டிய கட்டையை எடுத்துத் தோளில் வைத்தான். கட்டைவிரல் அதற்கென்று குடைந்த துளையில் தானாகப் போய் உட்கார்ந்தது. மற்ற விரல்கள் மூடின. நான் இரண்டு மாதம் செய்த வேலை அது, அந்த நிமிடம் எனக்கு வந்தது சந்தோஷம்தான். உங்களிடம் மறைக்க மாட்டேன், வெட்கங்கெட்ட சந்தோஷம். "கையிலயே முளைச்ச மாரி கீதுடா" என்றான். சரி பார்க்கிறேன் என்று சங்கிலியில் கிடந்த நாயைக் குறிவைத்தான். சுட்டது அதன் கண்ணில் பட்டது. அது தன்னையே சுற்றிச் சுற்றிக் கத்தியது. கூட இருந்தவர்கள் கை தட்டினார்கள்.

பிறகு கன்னத்தைக் கட்டையில் சாய்த்து ஒரு கண்ணை மூடிக்கொண்டான். நான் பின்னால் நின்று அவன் தலையை என் உள்ளங்கையால் திருப்பினேன். கழுத்து நரம்பு என் சுண்டுவிரலுக்கு அடியில் துடித்தது. மறு கையில் ஒன்றரை அங்குல உளி, அன்று காலையில் தீட்டியது. அவன் "இன்னாடா, ஆச்சா?" என்று கேட்டான்.

கன்னக்கட்டையில் ஒரு சீவல் சீவினேன். "ஆச்சு சார்" என்றேன். வந்துவிட்டேன்.

செங்குட்டுவன்

தங்கவயல்
27.10.2002

அன்புள்ள தம்பிக்கு,

உன் அண்ணி எழுதுகிறேன். எல்லோரும் சுகம். மாயாவுக்கு அம்மை போட்டு இறங்கிவிட்டது, அதனால்தான் பதில் போடவில்லை என்று எழுத நினைத்தேன். அம்மை போட்டது நிஜம், ஆனால் அது காரணமில்லை.

உன் கடிதம் வந்த அன்று எனக்கு உன்மேல் வந்த ஆத்திரத்தை எழுதினால் தாள் கிழியும். உளி கையில் இருந்தது, கழுத்து விரலுக்கு அடியில் இருந்தது, சீவிவிட்டு வந்தேன் என்கிறாய். அவன் கழுத்தில் அந்த உளி இறங்குவதை நான் எத்தனையோ நாள் நினைத்துப் பார்த்தேன். பாத்திரம் கழுவும்போது, மாயாவுக்குத் தலை வாரும்போது. ரத்தம் சட்டையில் வழிவது வரைக்கும் நினைப்பேன். அதற்குப் பிறகு அவன் ஆட்கள் உன்னை என்ன செய்திருப்பார்கள் என்பது ஒரு நாள்கூட என் நினைப்பில் வரவில்லை. எவ்வளவு பொல்லாதவள் பார் நான்.

அம்மை கண்ட ஜுரத்தில் மாயா "சித்தப்பா எப்போ வரும்?" என்றே கேட்டுக்கொண்டிருந்தாள். அப்போதுதான் உறைத்தது. நீ உயிரோடு திரும்பி வந்தது நல்லது தம்பி. கட்டையை நன்றாகச் செய்ததும் நல்லதுதான். இதை எழுத எனக்கு இவ்வளவு நாள் ஆயிற்று.

மழை தொடங்கியிருக்கும். நனைந்துகொண்டு திரியாதே.

உன் அண்ணி
மகிழினி

எர்ணாவூர்
15.12.2002

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். மாயாவின் அம்மைத் தழும்பு மறைந்ததா? கடலைமாவு தேய்க்கும்படி பக்கத்து வீட்டு ஐரீன் உங்களுக்குச் சொல்லச் சொன்னாள். நான் நலம், இரண்டு வேளை முழுசாகச் சாப்பிடுகிறேன்.

கட்டை திரும்பி வந்துவிட்டது! பிடியில் நான்கு விரலும் கறுப்பாக விழுந்திருக்கின்றன. ஆள் ஒரு நாள் விடாமல் சுட்டிருக்கிறான். செல்வநாதன் சார் மூலமாகத்தான் வந்தது. அவரிடம் விஷயத்தைச் சொன்னதும் முகம் வெளுத்துவிட்டது. "எனக்கு இன்னாத்துக்குபா இந்த பேஜாரு?" என்றார். அண்ணன் எப்படிச் செத்தார் என்பதைச் சொன்னேன். கடைசியில், கோர்ட்டுக்கு வருகிறேன் என்றார்.

அருள்நாதன் ஐயா சொன்னபடி இன்ஸ்பெக்டரிடம் கட்டையை ஒப்படைத்துவிட்டேன். கோர்ட்டில் சாட்சிப் பொருளாகச் சேர்ப்பார்களாம். பிப்ரவரியில் விசாரணை.

மாத்தூரிலிருந்து ஒரு ஆள் வந்து கட்டை எங்கே என்று கேட்டான். மெருகு காயவில்லை என்று அனுப்பிவிட்டேன். கவலைப்பட ஒன்றுமில்லை.

செங்குட்டுவன்

எர்ணாவூர்
19.1.2003

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். உங்கள் நலமும் அக்கா நலமும் அறிய ஆவல். பொங்கல் நல்லபடியாகப் போயிற்று. வலது கையில் ஒரு கொப்புளம், பேனா பிடிக்க முடியவில்லை. அதனால் ஐரீனை எழுதச் சொன்னேன். விசாரணைக்கு நீங்கள் ஒருவர் வந்தால் போதும் என்று நினைக்கிறேன். செல்வநாதன் சார் இப்போது போனை எடுப்பதில்லை. மாயாவுக்கு முத்தம்.

செங்குட்டுவன்

தங்கவயல்
24.1.2003

அன்புள்ள ஐரீனுக்கு,

நீயும் உன் வீட்டாரும் நலந்தானே? கொப்புளத்துக்கு யாரும் மையில் கண்ணீர் விடமாட்டார்கள். உன் எழுத்து இரண்டு இடத்தில் கலைந்திருக்கிறது. என் தம்பிக்கு என்ன ஆயிற்று? அவனிடம் கேட்காமல் நீயே எழுது.

மகிழினி

எர்ணாவூர்
29.1.2003

அன்புள்ள அக்காவுக்கு,

கர்த்தர் உங்களைக் காப்பாராக. எங்கள் வீட்டில் எல்லோரும் சுகம். உங்களிடம் சொல்லக் கூடாது என்று செங்குட்டுவன் அண்ணன் சத்தியம் வாங்கினார். கர்த்தர் என்னை மன்னிக்கட்டும், சொல்லிவிடுகிறேன்.

கோர்ட்டில் கொடுத்த சாட்சிப் பட்டியல் கிருஷ்ணப்பன் வக்கீலுக்கும் போகுமாம். அப்படித்தான் அண்ணனின் நிஜப் பெயர் தெரிந்திருக்கிறது. போகி அன்று காலையில் வந்தார்கள். தெரு முழுக்க டயர் புகை, மேளச் சத்தம், யார் கத்தினாலும் காதில் விழாது. கடையில் மரத்தைக் கவ்வி வைக்கிற இரும்பு வைஸ் இருக்கிறதே, அதில் அண்ணனின் வலது கையை வைத்து ஒருத்தன் திருகினான். எலும்பு நொறுங்குகிற வரைக்கும் திருகினான். பிறகு வெளியே எடுத்து மேசைமேல் விரித்து, அவருடைய சுத்தியலாலேயே அடித்தார்கள். கிருஷ்ணப்பன் பைக்மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். "இப்போ செய்டா கட்டை" என்றான். நான் ஓடிப்போய்க் கத்தினேன். ஒரு கதவும் திறக்கவில்லை. ரஷீது அண்ணன் மட்டும் கொதிக்கிற பால் சட்டியோடு வந்தார், அவருக்குத் தலையில் ஏழெட்டுத் தையல்.

போலீசில் எழுதிக் கொடுத்திருக்கிறோம். ஆஸ்பத்திரியில் கம்பி வைத்துக் கட்டியிருக்கிறார்கள். அண்ணனை இங்கே வைத்திருப்பது ஆபத்து என்று வக்கீல் ஐயா சொல்கிறார். ரஷீது அண்ணன் பங்காருப்பேட்டை ரயிலில் அழைத்து வந்து உங்களிடம் விடுவார். நீங்கள் சாட்சி சொல்ல வரும்போது என் வீட்டில்தான் தங்க வேண்டும்.

ஐரீன்

எர்ணாவூர், ஐரீன் வீடு
21.2.2003

அன்புள்ள தம்பிக்கு,

உன் அண்ணி எழுதுகிறேன். நான் முழுசாக இருக்கிறேன், பயப்படாதே. கட்டுப்போட்ட கையை நனைக்காதே. அக்கா ஊட்டினால் வெட்கப்படாமல் சாப்பிடு.

நேற்று கூண்டில் ஏறினேன். செல்வநாதன் வரவில்லை, ஊரிலேயே இல்லையாம். நீயும் வர முடியாத நிலை. கட்டை மேசைமேல் கிடந்தது. அது யாருடையதோ, தன் கட்சிக்காரர் தொட்டதே இல்லை என்று அவன் வக்கீல் சாதித்துவிட்டார். அருள்நாதன் ஐயா தலையைக் குனிந்துகொண்டார். எதிரே கிருஷ்ணப்பன் வெள்ளைச் சட்டையில், வலது கையை மடித்துக் கழுத்தில் துணி கட்டி மாட்டிக்கொண்டு நிற்கிறான். சீக்காளி மாதிரி முகம்.

அவன் வக்கீல் என்னிடம், "இந்தச் செத்த கையாலயாம்மா உங்க வீட்டுக்காரரைக் குத்தினாரு?" என்று கேட்டார். யாரோ சிரித்தார்கள். நான் உன் கையை நினைத்தேன். வேறு எதுவும் நினைக்கவில்லை. கூண்டை விட்டு இறங்கி, மேசையிலிருந்த கட்டையை எடுத்து, என் பலம் முழுவதையும் சேர்த்து அவன் முகத்தைப் பார்த்து எறிந்தேன். யோசித்துச் செய்தேன் என்று இப்போது எல்லோரும் மெச்சுகிறார்கள். அதெல்லாம் இல்லை தம்பி. அவன் மண்டையைப் பிளக்கத்தான் எறிந்தேன்.

அவன் பிடித்துவிட்டான். கழுத்துத் துணியிலிருந்து வலது கை தானாக வெளியே வந்தது. கட்டைவிரல் துளைக்குள், நான்கு விரலும் பிடியில், கட்டை நேரே தோளுக்குப் போய்விட்டது. அவன் முகம் அதற்குப் பிறகுதான் மாறியது. கீழே போடப் பார்த்தான். ஜட்ஜ் எழுந்துவிட்டார். "அப்படியே நில்லுங்க. விடாதீங்க" என்றார். கையைப் பார்த்துப் பார்த்து எழுதவைத்தார்.

எனக்கும் நல்ல திட்டு. சாயங்காலம் வரை ஒரு போலீஸ்காரம்மா பக்கத்தில் உட்காரவைத்தார்கள். எழுதிக் கொடுத்து மன்னிப்புக் கேட்ட பிறகு விட்டார்கள். மன்னிப்பு வாயளவில்தான்.

தீர்ப்பு அடுத்த மாதம். கேட்டுவிட்டுத்தான் வருவேன்.

உன் அண்ணி
மகிழினி

தங்கவயல்
30.3.2003

அன்புள்ள அண்ணிக்கு,

இடது கையால் எழுதுகிறேன், கோழி கிளறியது போலத்தான் இருக்கும். நாங்கள் மூவரும் நலம். ஆயுள் தண்டனை என்று உங்கள் தந்தி வந்தது. அக்கா தெருவுக்கே சர்க்கரை கொடுத்தார்.

நேற்று இங்கே டாக்டர் கம்பியை எடுத்தார். என்னை அடித்த கேசுக்குச் சர்டிபிகேட் எழுதினார். வலது கையால் இனி எதையும் பிடிக்க இயலாது என்று எழுதியிருக்கிறது. கிருஷ்ணப்பனுக்கு அவன் டாக்டர் எழுதிக் கொடுத்த அதே வாசகம். படித்துவிட்டுச் சிரித்தேன், நிறுத்த முடியவில்லை. டாக்டர் கதவைச் சாத்திவிட்டு வெளியே போய்விட்டார். பிறகு அழுதேன். அவன் கைக்கு நான் செய்த கட்டைதான் அவனைப் பிடித்துக் கொடுத்தது. என் கைக்கு ஏற்ற உளிப்பிடியை இனி யார் செய்ய முடியும்?

வீட்டுக்கு வந்ததும் மாயா, "ஜெயிச்சுட்டோம் சித்தப்பா, கை குடு" என்றாள். இடது கையை நீட்டினேன். "இது இல்ல, அந்தக் கை" என்றாள். கொடுத்தேன். தன் இரண்டு கையாலும் என் விரல்களை ஒவ்வொன்றாக மடித்துத் தன் கைமேல் வைத்துப் பார்த்தாள். அவள் விட்டதும் எல்லாம் திறந்துகொண்டன. மறுபடி மடித்தாள். அவளுக்கு விளையாட்டாக இருந்தது.

சீக்கிரம் வந்துவிடுங்கள் அண்ணி.

செங்குட்டுவன்